பச்சை ஈ சொல்லும் நாள் கணக்கு

மாட்டுப் புண்ணில் மொய்க்கும் பச்சை ஈயை விரட்டாத விவசாயி இருக்க முடியாது. கருவாடு காயும் களத்திலும், இறைச்சிக் கடையிலும், நாய் செத்துக் கிடக்கும் சாலையோரத்திலும் முதலில் வந்து உட்காருவது இந்த ஈதான். வீட்டு ஈயை விடப் பெரியது. உடம்பு பச்சையாகவோ நீலமாகவோ மயில் கழுத்துப் போலப் பளபளக்கும். பறக்கும்போது இரைச்சல் கேட்கும்.

அருவருப்பான பிராணி என்று ஒதுக்கப்படும் இந்த ஈ, பல நாடுகளில் கொலை வழக்குகளில் சாட்சியாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆயுள் தண்டனை பெற்ற நிரபராதி ஒருவரைச் சிறையிலிருந்து மீட்டும் இருக்கிறது. இதற்குக் காரணம், இதன் வாழ்க்கை ஒரு கணக்குப்படி நடப்பதேயாகும். முட்டை எத்தனை மணி நேரத்தில் பொரியும், புழு எத்தனை நாளில் எவ்வளவு வளரும் என்பவை வெப்பத்தைப் பொறுத்து ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லக் கூடியவை. அந்தக் கணக்கு நீதிமன்றத்துக்குப் பயன்படுவதைப் போலவே மாட்டுக் கொட்டகைக்கும் பயன்படும்.

காட்டிக் கொடுத்த அரிவாள்

ஈயைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடித்த பழைய நிகழ்ச்சி ஒன்று சீனாவில் நடந்தது. சோங் சி என்ற நீதி அதிகாரி 1247-ம் ஆண்டில் எழுதிய நூலில் அது இடம் பெற்றிருக்கிறது. பிண விசாரணை செய்யும் அதிகாரிகள் தவறு செய்து, யார் மீதும் அநியாயப் பழி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட நூல் அது.

சாலையோரத்தில் ஒருவர் வெட்டுண்டு கிடந்தார். உடம்பில் பத்துக்கு மேற்பட்ட அரிவாள் வெட்டுகள். அவருடைய பொருள்கள் எதுவும் களவு போகவில்லை. ஆகவே இது திருடர் வேலையல்ல, பகை காரணமாக நடந்தது என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். இறந்தவரின் மனைவியை விசாரித்தார். பெரிய பகை என்று யாரும் இல்லை, ஆனால் சில நாட்களுக்கு முன் ஒருவர் கடன் கேட்டு வந்தார், கொடுக்க மறுத்ததும் மிரட்டிவிட்டுப் போனார் என்று அந்த அம்மாள் சொன்னாள்.

அதிகாரி அந்த வட்டாரத்தில் உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் அரிவாள்களைக் கொண்டுவர வேண்டும், மறைப்பவரே கொலையாளியாகக் கருதப்படுவார் என்று உத்தரவிட்டார். எழுபது எண்பது அரிவாள்கள் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைக்கச் சொன்னார். கடுமையான வெயில் காலம். சற்று நேரத்தில் ஈக்கள் பறந்து வந்து ஒரே ஓர் அரிவாளின் மீது மொய்த்தன. அது கடன் கேட்டு வந்தவருடைய அரிவாள். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "மற்றவர் அரிவாளில் ஈ இல்லை. உன் அரிவாளில் இரத்த வாடை போகவில்லை, அதனால்தான் ஈ மொய்க்கிறது" என்று அதிகாரி எடுத்துக் காட்டியதும் அவர் தலை குனிந்தார்.

கழுவிய அரிவாளில் மனிதக் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஈயின் மோப்ப சக்தி அத்தகையது. உயிர் பிரிந்த உடலைச் சில நிமிடங்களில்கூட இது தேடி வந்துவிடும்.

இறைச்சியில் புழு எப்படி வந்தது?

அழுகும் இறைச்சியே புழுவாக மாறுகிறது என்றுதான் ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். இத்தாலி நாட்டு வைத்தியர் பிரான்செஸ்கோ ரெடி 1668-ம் ஆண்டில் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். சில ஜாடிகளில் இறைச்சியைப் போட்டுத் திறந்து வைத்தார். சில ஜாடிகளை மூடினார். சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் கட்டினார். திறந்த ஜாடியில் மட்டுமே புழு உண்டாயிற்று. துணி கட்டிய ஜாடியில் இறைச்சி அழுகியதே தவிர, உள்ளே புழு வைக்கவில்லை. ஈ வந்து முட்டையிடாமல் புழு வராது என்பது அன்று நிரூபணமாயிற்று.

ஈயின் பருவங்கள்

பெண் ஈ ஒரு தடவைக்கு ஏறக்குறைய 200 முட்டைகள் இடும். முட்டைகள் நொய்யரிசி போல வெள்ளையாக, ஒட்டிக்கொண்டு குவியலாக இருக்கும். கண், மூக்கு, வாய், காயம் ஆகிய ஈரமான இடங்களே அதற்குப் பிடித்தமானவை. முட்டையிலிருந்து வரும் புழு இரண்டு தடவை தோல் உரித்து, மூன்று பருவங்களில் வளரும். பட்டுப்புழு வளர்ப்போருக்குத் தோல் உரிப்பது புதிய செய்தியல்ல.

இந்தப் புழு தலையை இரையில் புதைத்துக்கொண்டு, வால் முனையால் மூச்சு விடுகிறது. வால் முனையில் இரண்டு சிறு தட்டுகள் உள்ளன. முதல் பருவத்தில் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிளவு இருக்கும். இரண்டாம் பருவத்தில் இரண்டும், மூன்றாம் பருவத்தில் மூன்றும் இருக்கும். மாட்டின் பல்லைப் பிடித்து வயது சொல்வது போல, விஞ்ஞானிகள் பூதக்கண்ணாடியில் இந்தப் பிளவுகளை எண்ணிப் புழுவின் பருவத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

வயிறு நிறைந்த புழு இரையை விட்டு நகர்ந்து மண்ணுக்குள் இறங்கும். அங்கே அதன் தோல் இறுகிப் பழுப்பு நிறக் கூடாகிவிடும். கூடு நெல்மணியைவிடச் சற்றுப் பருத்திருக்கும். அதை உடைத்துக்கொண்டு புது ஈ வெளிவரும்.

நம் நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு வகைப் பச்சை ஈ, சுமார் 27 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முட்டையிலிருந்து பொரிந்துவிடுகிறது. நான்கைந்து நாள் புழுவாகவும், மேலும் நான்கைந்து நாள் கூட்டிலும் இருக்கிறது. ஏறக்குறைய பத்து நாளில் ஈயாகிறது. ஐரோப்பாவின் நீல ஈக்கு 20 டிகிரியில் சுமார் மூன்று வாரம் ஆகிறது. 10 டிகிரிக் குளிரில் ஆறு வாரத்துக்கும் மேல் ஆகிறது.

வெப்பக் கணக்கு

ஒரே ரக நெல், குளிர் மிகுந்த பட்டத்தில் விதைத்தால் நாள் தள்ளி அறுவடைக்கு வருவதை விவசாயிகள் அறிவார்கள். ஈயும் அப்படியே. அதனால் நாளை மட்டும் எண்ணாமல், வெப்பத்தையும் நாளையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வகைப் புழு 10 டிகிரிக்குக் கீழ் வளராது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பம் உள்ள ஒரு நாளில் அதற்கு 20 பங்கு வெப்பம் கிடைக்கிறது. 20 டிகிரி உள்ள நாளில் 10 பங்குதான் கிடைக்கிறது. புழு முற்ற 100 பங்கு வேண்டுமென்றால், முதல் இடத்தில் 5 நாளில் முற்றிவிடும். இரண்டாவது இடத்தில் 10 நாள் ஆகும். புழுவின் பருவமும், அந்த இடத்தின் வெப்ப நிலையும் தெரிந்தால், முட்டையிட்ட நாளைப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

விசாரணைக்கு வரும் விஞ்ஞானி புழுக்களில் ஒரு பகுதியை வெந்நீரில் போட்டு, பிறகு சாராயக் கரைசலில் பாதுகாக்கிறார். மறு பகுதியை உயிரோடு வளர்த்து, என்ன ஈ வெளிவருகிறது என்று பார்க்கிறார். வகைக்கு வகை நாள் மாறுவதால் ஈயின் வகை தெரிவது அவசியம். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் வெப்பக் குறிப்புகளையும் சேர்த்துக்கொள்கிறார்.

கோர்ட்டுக்கு வந்த புழுக்கள்

1935-ம் ஆண்டு செப்டம்பர் 29-ம் தேதி ஸ்காட்லாந்தில் மொபட் என்ற ஊருக்கு அருகே, ஓடை ஓடும் பள்ளத்தில் பெண்கள் இருவரின் உடல் துண்டுகள் மூட்டைகளாகக் கிடந்தன. அவற்றில் இருந்த புழுக்களைப் பரிசோதித்த டாக்டர் அலெக்சாண்டர் மியர்ன்ஸ், அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றார். அதன்படி செப்டம்பர் நடுவில் உடல்கள் அங்கே போடப்பட்டிருக்க வேண்டும். மூட்டையில் சுற்றியிருந்த ஒரு பத்திரிகைத் தாளின் தேதி செப்டம்பர் 15. அது லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டுமே விற்பனையான பதிப்பு. லங்காஸ்டரில் வைத்தியம் பார்த்துவந்த, பம்பாயில் பிறந்த டாக்டர் பக் ரக்ஸ்டன் வீட்டில் அவர் மனைவியும் வேலைக்காரப் பெண்ணும் காணாமற்போனதும் அந்த நாட்களில்தான். ரக்ஸ்டன் 1936-ம் ஆண்டு மே 12-ம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

1964-ம் ஆண்டு ஜூன் 28-ம் தேதி இங்கிலாந்தில் பிராக்னல் என்ற ஊருக்கு அருகிலுள்ள காட்டில், தூண்டிலில் மாட்டப் புழு தேடிப்போன இரண்டு சிறுவர்கள் ஒரு பிணத்தைக் கண்டார்கள். உடல் அழுகியிருந்த நிலையைப் பார்த்த போலீசார் இறந்து பல வாரங்கள் ஆகியிருக்கும் என்று நினைத்தார்கள். பிண பரிசோதனை நிபுணர் கீத் சிம்சன், நீல ஈயின் புழுக்கள் முற்றியிருந்தாலும் கூடு கட்டவில்லை என்பதைக் கவனித்தார். இறந்து குறைந்தது ஒன்பது பத்து நாள் ஆகியிருக்கும், பன்னிரண்டு நாளுக்கு மேல் இராது என்றார். பழைய காணாமற்போனவர் பட்டியலை விட்டுவிட்டு, ஜூன் 16-ம் தேதி வாக்கில் காணாமற்போனவர்களைப் போலீசார் தேடினார்கள். ஆள் அடையாளம் தெரிந்தது. இறந்தவரிடம் கடன் வாங்கியிருந்தவர் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்.

நிரபராதிக்குக் கிடைத்த விடுதலை

ஹங்கேரி நாட்டில், படகில் தபால் அதிகாரி ஒருவர் கொலையுண்டு கிடந்தார். செப்டம்பர் மாதம். அன்று மாலை 6 மணிக்குப் படகுக்கு வந்த படகோட்டி மீது பழி விழுந்தது. அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாள் மாலை நடந்த பிண பரிசோதனையில், உடலில் ஈ முட்டைகளும் அப்போதுதான் பொரிந்த புழுக்களும் இருந்தன என்று எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை யாரும் பொருட்படுத்தவில்லை.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. ஈக்களை ஆராய்ந்துவந்த விஞ்ஞானி பெரென்ட்ஸ் மிஹாலி சாட்சியம் அளித்தார். இந்த ஈக்கள் பகலில்தான் நடமாடும், அந்த நாட்டில் செப்டம்பர் மாதம் மாலை 6 மணிக்குப் பிறகு வந்து முட்டையிடுவதில்லை என்றார். முட்டை பொரிய ஆகும் நேரத்தையும் சோதனை செய்து காட்டினார். அப்படியானால் படகோட்டி வருவதற்கு முன்பே ஈ முட்டையிட்டிருக்கிறது. அவர் வந்தபோது அந்த மனிதர் ஏற்கனவே இறந்துவிட்டிருந்தார். படகோட்டி விடுதலையானார். ஒரு வரிக் குறிப்பு, எட்டு ஆண்டு கழித்து ஒரு மனிதனின் வாழ்வைத் திருப்பித் தந்தது.

பூச்சி மருந்தும் புழுவில் தெரியும்

இரத்தமும் குடலும் அழிந்துபோன உடலில் விஷத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அந்த உடலைத் தின்ற புழுவில் விஷம் சேர்ந்திருக்கும். ஹவாய்த் தீவில் இறந்து ஐந்து நாளான ஒருவரின் உடலில் இருந்த புழுக்களைச் சோதித்தபோது மாலத்தியான் பூச்சி மருந்து இருப்பது தெரிந்தது. 1989-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. வயலில் தெளிக்கப்படும் அதே மாலத்தியான்தான். அங்கே காணப்பட்ட இரண்டு வகை ஈக்களும் நம் நாட்டிலும் உள்ளவையே.

கணக்கு எங்கே தவறும்?

ஈ சொல்வது முட்டையிட்ட நேரத்தைத்தான். இறந்த நேரத்தை அது நேராகச் சொல்வதில்லை. கொலை செய்தவர் யார் என்றும் அது சொல்லாது. இரவில் உயிர் பிரிந்தால் ஈ வரப் பெரும்பாலும் விடிய வேண்டும். மூடிய அறையிலும், துணியில் இறுகச் சுற்றிய உடலிலும், அடை மழையிலும் ஈ வரத் தாமதமாகும். புழுக்கள் கூட்டமாக நெளியும்போது, எருக்குழி உள்ளுக்குள் சூடாவது போல, அந்தக் கூட்டத்தின் சூடு சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் உயரக் கூடும். அதனால் வளர்ச்சி வேகமாகும். சில வகைப் புழுக்கள் மற்றப் புழுக்களையே தின்றுவிடும். உயிரோடு இருக்கும்போதே புண்ணில் புழு வைத்திருந்தாலும் கணக்கு மாறும். இவை எல்லாவற்றையும் பார்த்தே விஞ்ஞானி தம் முடிவைச் சொல்கிறார்.

கரும்புத் தோட்டத்திலோ கிணற்றடியிலோ பிணம் கிடப்பதைக் கண்டால், நாற்றத்துக்காக பினாயில், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து ஆகியவற்றை ஊற்றிவிடக் கூடாது. எதையும் தொடாமல் போலீசுக்குத் தகவல் கொடுப்பதே முறை. ஊற்றிய மருந்து சாட்சியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

கொட்டகையில் இதே கணக்கு

கால்நடைகளைக் கவனிக்காமல் விட்ட வழக்குகளிலும், புழுவின் வயதைக் கொண்டு எத்தனை நாளாகப் புண் பார்க்கப்படவில்லை என்று மதிப்பிடும் முறை வெளிநாடுகளில் உண்டு. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். மாட்டைக் காப்பாற்ற விவசாயிக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

இந்த ஈக் குடும்பத்தில் ஒரு வகை பிணத்தை நாடாது. உயிருள்ள பிராணியின் புண்ணில் மட்டுமே முட்டையிடும். இந்தியா உள்பட ஆசிய நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் இது இருக்கிறது. மூக்கணாங்கயிற்றுப் புண், நுகத்தடிப் புண், உண்ணி கடித்த இடம், கோமாரி நோயில் வெடித்த குளம்பு, கன்றின் ஈரத் தொப்புள், ஈன்ற பசுவின் பின்புறம் ஆகியவை இதற்குப் போதும். உண்ணிக் கடி போன்ற சிறு புண்ணைக்கூட விடாது.

பெரும்பாலும் பிற்பகலில் வந்து, புண்ணின் ஓரத்தில் 100 முதல் 250 வரை முட்டையிடும். 12 முதல் 24 மணி நேரத்தில் அவை பொரிந்துவிடும். புழுக்கள் தலைகீழாகச் சதையைக் குடைந்து இறங்கி, 5 முதல் 7 நாள் வரை தின்னும். பிறகு மண்ணில் விழுந்து கூடாகும். நாற்றத்தை மோந்து வேறு ஈக்களும் வந்து முட்டையிடுவதால் புண் நாளுக்கு நாள் பெரிதாகும். கவனிக்காமல் விட்டால் கன்று செத்தும் போகலாம்.

முட்டையிட்டு ஒரு நாளுக்குள் பார்த்துவிட்டால் துணியால் துடைத்தே தீர்த்துவிடலாம். மூன்றாம் நாள் பார்த்தால் சிகிச்சை வேண்டும். ஆறாம் நாள் பார்த்தால் சதை போயிருக்கும், புழுக்களும் அடுத்த தலைமுறைக்காக மண்ணில் இறங்கியிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. புண் உள்ள மாட்டைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். மாலையில் பார்ப்பது மிக அவசியம். புண் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் முட்டைகளை அப்போதே துடைத்து எரித்துவிட வேண்டும்.

2. கன்று பிறந்தவுடன் தொப்புளில் டிங்சர் அயோடின் தடவ வேண்டும். தொப்புள் காயும் வரை தினமும் பார்க்க வேண்டும்.

3. மாடு ஓயாமல் ஓர் இடத்தை நக்கினால், தீவனம் எடுக்காமல் ஒதுங்கி நின்றால், புண்ணிலிருந்து நாற்றத்தோடு இரத்தநீர் வடிந்தால் புழு இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். மேலே துளை சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே குழி பெரியதாக இருக்கும்.

4. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைப் புண்ணில் வைத்தால் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் எடுத்துவிடலாம். சீத்தாப்பழ இலையை அரைத்து வைப்பதும், வேப்பெண்ணெயில் கற்பூரம் கலந்து தடவுவதும் கிராமங்களில் வழக்கம். ஆழமான புண், கண் அருகே உள்ள புண், கன்றின் தொப்புள் புண் ஆகியவற்றைக் கால்நடை டாக்டரிடமே காட்ட வேண்டும். அவர் ஐவர்மெக்டின் ஊசி போட்டால், எத்தனை நாள் பாலை உபயோகிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. எடுத்த புழுக்களைத் தரையில் எறியக் கூடாது. முற்றிய புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி, பத்து நாளுக்குள் ஈயாகத் திரும்பி வரும். வெந்நீரிலோ மண்ணெண்ணெயிலோ போட்டுக் கொல்ல வேண்டும்.

6. பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தைப் புண்ணில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. புண் வழியாகவும், நக்குவதாலும் விஷம் உடம்பில் ஏறி மாடு இறக்க நேரிடும்.

7. இறந்த கால்நடையை வெளியில் எறியாமல், ஆறடிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வெளியில் கிடக்கும் ஒரு பிணம் ஆயிரக்கணக்கான ஈக்களை ஊருக்குத் தரும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவு இல்லை. மாலையில் மாட்டைக் கட்டும்போது புண்ணை ஒரு தடவை திருப்பிப் பார்க்கும் வேலைதான். ஈ ஒரு நாளும் கணக்குத் தவறி வருவதில்லை. விவசாயியும் அந்த ஒரு நாளைத் தவறவிடாமல் இருந்தால், மாடு பிழைத்துக்கொள்ளும்.